கூட்டம் கலைந்த பிறகு ஊரில் என்ன தங்குகிறது?

சிறிய ஊர்களின் உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஊர் விழாக்களில் நாற்காலி தூக்குவதில் தொடங்கி வரவு செலவு எழுதுவது வரை பல வருடங்களாக வேலை செய்துவரும் ஒருத்தி இதை எழுதுகிறேன். விழா முடிந்ததும் நீங்கள் கூடும் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை பேர் வந்தார்கள்?" என்பதுதான். எண் பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருடம் இன்னும் பெரிய மேடை என்று அங்கேயே முடிவாகிவிடும். அந்தக் கேள்வியை மாற்றச் சொல்லத்தான் இந்த மடல். விழாவுக்காகச் செலவான பணத்தில் எவ்வளவு ஊருக்குள்ளேயே தங்கியது, யார் கைக்குப் போனது என்று கேளுங்கள்.

கூட்டம் வந்தால் வருமானம் தானாக வரும் என்று நினைக்கிறோம். ஜப்பானின் அவோமோரி மாகாணத்தில் இருக்கும் இனாகடாதே கிராமத்தைப் பாருங்கள். 8,000-க்கும் குறைவானவர்கள் வாழும் ஊர். 1993-இல் வெவ்வேறு நிற நெல் ரகங்களை நட்டு வயலில் ஓவியம் தீட்டத் தொடங்கினார்கள். புகழ் பரவி, ஒரு பருவத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஆனால் பல வருடங்கள் பார்க்கக் கட்டணம் கிடையாது. வந்தவர்கள் கிராம அலுவலகத்தின் உச்சியில் ஏறிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கிளம்பிவிட்டார்கள். நடவும் பராமரிப்பும் ஊரின் தலையில். நுழைவுக் கட்டணம் வந்தது வெகுகாலம் கழித்துத்தான். அவ்வளவு அழகான ஒன்றைச் செய்த ஊருக்கே இந்த நிலை என்றால், வாடகை மேடையும் ஒலிபெருக்கியும் வைத்து விழா நடத்தும் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்று கணக்கிட எளிய வழி ஒன்று இருக்கிறது. லண்டனில் இயங்கும் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு 2002-இல் வெளியிட்ட முறை அது. மூன்று சுற்றுகளைக் கூட்டிப் பார்க்கும். மன்றம் 100 செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கியவர் 80-ஐ ஊருக்குள் செலவழிக்கிறார், அந்த 80-ஐ வாங்கியவர்கள் 64-ஐ. கூட்டினால் 244. அதே 100 வெளியூர் ஒப்பந்தக்காரரிடம் போய், அவர் 20-ஐ மட்டும் இங்கே விட்டுப்போனால் 100, 20, 4, மொத்தம் 124. செலவு ஒன்றுதான். ஊருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்று பெருமை பேசுவதில் என்ன பயன்?

ஓட்டை எங்கே இருக்கிறது என்று பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் ஓட்டை ஒப்பந்தப்புள்ளி. பந்தல், விளக்கு, ஒலி, துப்புரவு, கடை ஒதுக்கீடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏலம் விடுகிறீர்கள். அந்த மூட்டையைத் தூக்க ஊரில் யாராலும் முடியாது. முன்வைப்புத் தொகை கட்டவே முடியாது. ஆனால் பந்தல் போடத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறார், விளக்குக் கட்டுபவர் இருக்கிறார். வெளியிலிருந்து வரும் பெரிய ஒப்பந்தக்காரர் பல நேரம் அவர்களையே கூலிக்குப் பிடிக்கிறார்; லாபம் மட்டும் ஊரை விட்டுப் போய்விடுகிறது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுங்கள். அதிகாரிகளுக்குக் கோப்பு கூடும், சரி. ஊருக்காக அந்தச் சிரமத்தைப் படலாம்.

இதைவிட வலிப்பது இன்னொன்று. வேலை முடித்தவருக்கு மாதக்கணக்கில் பணம் தராமல் இழுப்பது. பெரிய நிறுவனம் காத்திருக்கும், அதற்கு வங்கிக் கடன் இருக்கிறது. சிறிய ஆள் கைமாற்று வாங்கித்தான் சாமான் எடுத்திருப்பார். விழாவுக்குத் தையல் வேலை செய்துகொடுத்த ஒரு பெண், பட்டியல் தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து, அடுத்த முறை "எனக்கு வேண்டாம் அக்கா" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அவருடைய இடத்துக்கு வெளியூர்க்காரர் வந்தார். ஊர்க்காரர்கள் முன்வருவதில்லை என்று அப்புறம் நாமே கூட்டத்தில் குறைப்பட்டோம்.

அடுத்து, தேதி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பார்க்ஸ் என்ற ஊர் 1993-இல் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு விழா எடுக்கத் தொடங்கியது. எல்விஸ் அந்த நாட்டுக்குப் போய்ப் பாடியதே இல்லை. ஆனால் அவர் பிறந்தது ஜனவரி 8. அங்கே ஜனவரி என்றால் கொளுத்தும் கோடை, கடைகளில் வியாபாரம் படுத்திருக்கும் மாதம். முதல் முறை வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். பிறகு அது ஊரின் மக்கள்தொகையையே தாண்டிப் போனது. விடுதிகள் போதாதபோது ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அறைகளை வந்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அந்த வாடகை நேராக வீட்டுக்குள் வந்தது. ஏற்கெனவே வியாபாரம் நன்றாக நடக்கும் வாரத்தில் விழாவையும் வைத்தால் கடைக்காரருக்குப் புதிதாக என்ன கிடைக்கும்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் வேல்ஸ் எல்லையில் உள்ள ஹே-ஆன்-வை, 2,000 பேர்கூட இல்லாத ஊர். அங்கே 1960-களிலேயே பழைய புத்தகக் கடைகள் வரத் தொடங்கிவிட்டன. புகழ்பெற்ற இலக்கிய விழா தொடங்கியது 1988-இல்தான். வருடம் முழுவதும் திறந்திருந்த கடைகள் முதலில், விழா அப்புறம். ஜப்பானின் ஓயாமாவிலும் அப்படித்தான். 1961-இல் விவசாயிகள் நெல்லை விட்டுவிட்டுப் பிளம், செஸ்ட்நட் மரங்களுக்கு மாறினார்கள். அதன் பலனைப் பார்த்து 1979-இல் ஓயிதா மாகாண ஆளுநர் மொரிஹிகோ ஹிரமாட்சு 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்தைத் தொடங்கினார். நேரடி மானியத்தை நம்பாமல், தொழில்நுட்ப உதவிக்கும் விற்பனைக்கு வழி செய்வதற்கும் மாகாணம் துணை நின்றது. விற்க ஊரில் ஒரு பொருள் இருக்கிறதா, விழா இல்லாத நாளில் அதை எங்கே வாங்கலாம் என்பதற்குப் பதில் இல்லாமல் மேடை போடுவது வீண் செலவு என்றே நினைக்கிறேன். பெரிய விழா ஒன்றைவிட, மாதம் ஒருமுறை கூடும் சிறிய சந்தைக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்தால் ஊருக்கு அதிகம் நிற்கும்.

கூட்டத்துக்கு ஓர் அளவு வைக்கவும் தயங்காதீர்கள். ஸ்பெயினில் தக்காளி வீசும் விழாவுக்குப் பெயர்போன புன்யோல் ஊர், தாங்க முடியாத நெரிசலுக்குப் பிறகு 2013-இல் கட்டணச் சீட்டு கொண்டுவந்து எண்ணிக்கையை 20,000-க்குள் நிறுத்தியது.

கடைசியாக எங்களைப் பற்றி. விழா வேலை முழுவதும் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் தோளில்தான் நிற்கிறது. வருடா வருடம் அதே முகங்கள். அவர்களில் இரண்டு பேருக்கு உடம்பு முடியாமல் போனால் விழாவே நின்றுவிடும். எங்களுக்குப் பொன்னாடை வேண்டாம். தேதியும் செலவும் முடிவாகும் கூட்டத்தில் எங்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இடம் வேண்டும். இளையவர்கள் பழக ஒரு வருடம் எங்களோடு நிற்க வேண்டும். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுங்கள்.

அடுத்த விழாவுக்குத் தேதி குறிக்கும் முன், போன விழாவின் கணக்கை ஒரே தாளில் எழுதி ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், அவர் ஊர்க்காரரா வெளியூரா, வேலை முடிந்து எத்தனை நாளில் பணம் போனது. நான்கு பத்தி கொண்ட ஓர் அட்டவணை போதும். எழுத ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
விழாக் குழுத் தொண்டர் ஒருத்தி