நடுவுல ஒண்ணு உட்டுட்ட

ஆயா,

நீ போய் இன்னிக்கு இருபது வருஷம். பழைய வீட்டைப் பிரிச்சப்ப பட்டாளத்துலேருந்து தாத்தா உனக்கு எழுதின கடுதாசிக் கட்டு என் கைக்கு வந்துச்சு. இந்தத் தடவை ஒரு வரி விடாமப் படிச்சேன்.

அப்பல்லாம் விளையாடப் போற அவசரத்துல தாண்டித் தாண்டித்தான் படிப்பேன். எழுத்தே தெரியாத நீ, "நடுவுல ஒண்ணு உட்டுட்ட பாரு"ன்னு பிடிச்சிடுவ.

கடுதாசியில ஊர் பேரே இல்ல. தப்பித்தவறி எழுதின இடத்துல சென்சார்காரன் கறுப்பு மை பூசியிருக்கான். டிஸ்சார்ஜ் புக்கை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்: மெட்ராஸ் சாப்பர்ஸ் (பாதை, பாலம் போடற பட்டாளப் பிரிவு), 1944, இத்தாலி. நாலாவது இந்திய டிவிஷனோட மான்டே காசினோவுல இருந்திருக்கார். பிப்ரவரி 15ல மலை உச்சி மடத்தை நேச நாட்டு விமானங்க குண்டு போட்டு நொறுக்கின இடம். அந்த மலைச்சரிவுல டாங்கி ஏறப் பாதை வெட்டினதுல நம்ம சாப்பர் ஆளுங்களும் உண்டு. தாத்தா எழுதினதோ, "இங்கு குளிர் அதிகம். மலையில் வேலை." அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பாப்பா. பல் எத்தனை, நடக்கிறாளா, என்னைக் கேட்கிறாளா.

பெரியத்தையைத்தான் கேக்குறார்னு நினைச்சிருந்தேன். பெரியத்தை பொறந்தது 47ல.

மார்ச் மாசக் கடுதாசி: கவுன் வாங்கணும், பாப்பா உயரத்துக்கு ஒரு நூல் அறுத்து உறையில வெச்சு அனுப்பு. ஜூன்ல: "நூல் கிடைத்தது. நன்றாய் வளர்ந்திருக்கிறாள்." இதைப் படிச்சிட்டு, "தாத்தா என்ன டெய்லரா?"ன்னு சிரிச்சேன். நீ திரும்பி உக்காந்து, அணைஞ்சு போன அடுப்பை ஊதின.

43லயே அம்மை கண்டு அவ போயிட்டான்னு எனக்குப் போன வாரம்தான் தெரியும். சொன்னவங்க தன் பேர் வேணாம்னாங்க. அப்பாவும் இதைப் படிப்பார், அதனால பாப்பா பேரையும் எழுதல.

சிரிச்சதுக்கு மன்னிச்சிடு ஆயா. பதினோரு வயசு எனக்கு. ஆனா எல்லாம் தெரிஞ்சுதானே என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வெச்ச? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? கவுனோட வாசல்ல வந்து நின்ன மனுசன்கிட்டயாவது சொன்னியா? சண்டையில இருக்கறவருக்கு எந்த வாயால சொல்றதுன்னு நீ கேப்ப. நியாயந்தான். பதில் எழுதிக்கொடுத்த வாத்தியாருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்.

அந்த நூல்தான் தூங்க விடல. யார் வீட்டுப் பிள்ளையை நிக்க வெச்சு அளந்த?