95ஐ விடு, 8ஐப் பார்

சாட்ஸ்வர்த், டர்பன்
ஞாயிறு

அன்புள்ள தேவி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 95 சதவீதம் காட்டுகிறதே என்று ஒரு பக்கம் புலம்பிவிட்டு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 8 கிராம் என்பதைப் போகிறபோக்கில் கடைசி வரியில் போட்டிருக்கிறாய். கெட்டிக்காரிதான்! ஜோஹன்னஸ்பர்க் கடலுக்கு 1,700 மீட்டர் மேலே. அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் இங்கே 760 மில்லிமீட்டர் காற்றழுத்தம் அங்கே 630 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் அந்த உயரத்துக்கு 95 பரவாயில்லை.

எனக்குப் பயம் அந்த 8தான். டாக்சிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளை நினைத்துக்கொள். ஓடுகிற நாலு வண்டியும் நிரம்பித்தான் ஓடும். ஹீமோகுளோபின்தான் வண்டி, ஆக்சிஜன்தான் பயணி; கருவி அந்த நிரம்பலைத்தான் சொல்கிறது. எத்தனை வண்டி ஓடவில்லை என்று அதற்குத் தெரியாது. 1 கிராம் ஹீமோகுளோபின் சுமப்பது 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 14 கிராம் உள்ளவளுக்கு 100 மில்லி இரத்தத்தில் 18 மில்லிக்கு மேல் வரும். உனக்கு 10தான். சும்மா உட்கார்ந்திருக்கவே உடம்புக்கு நிமிடத்துக்கு 250 மில்லி வேண்டும். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளினால் உனக்குக் கிடைப்பது 500. பாதி உட்கார்ந்தே தீர்ந்தது. மாடிப்படி ஏறினால் இதயம் ஓடாமல் என்ன செய்யும்?

அதன் பாடுதான் பெரும்பாடு. மற்ற தசைகள் அவசரத்துக்கு இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இதயத்தசையோ ஓய்விலேயே 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. மேலே வேண்டுமென்றால் இரத்த ஓட்டம் கூடித்தான் ஆகவேண்டும். இடப்பக்கத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் பாய்வது இதயம் தளரும் இடைவெளியில். துடிப்பு வேகமானால் முதலில் சுருங்குவது அந்த இடைவெளிதான். படியில் நெஞ்சை அழுத்தினால் உட்கார்ந்து பார்ப்போம் என்று இருக்காதே, உடனே மருத்துவமனைக்குப் போ.

சாப்பாட்டோடு உன் கறுப்புத் தேநீர் இன்னும் உண்டா? ஹீமோகுளோபினுக்கு வேண்டிய இரும்புச்சத்தை அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணிநேரம் தேநீரைத் தொடாதே. ரூய்போஸ் மூலிகைத் தேநீரில் டானின் குறைவு; முகத்தைச் சுளிக்காமல் குடி. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கு.

ஆனால் இரும்பு ஏன் குறைந்தது என்பதை யாராவது பார்த்தார்களா? முட்டிவலிக்கு நீ விழுங்கும் மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசியவைக்கும். மலம் கறுப்பாகப் போனதா என்று இப்போதே யோசித்துச் சொல். இரும்பு மாத்திரை தொடங்கினால் எப்படியும் கறுக்கும், பிறகு வித்தியாசம் தெரியாது. முட்டி மாத்திரையை மருத்துவரிடம் மறைக்காதே, உன்னைத் தெரியும்.

மாத்திரை தொடங்கி நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராமாவது ஏறவேண்டும். ஏறவில்லையென்றால் எங்கோ கசிகிறது, அல்லது நீ தேநீரை விடவில்லை. எண்ணை எழுது, பொய் எழுதாதே.

உன்
சரோ