அந்தக் கறுப்பு புரூச்சைக் கழுவ வேண்டாம், நித்யா

அன்புள்ள நித்யா,

யார்க்‌ஷயர் மாமியார் கொடுத்த புரூச்சை, அதாவது உடையில் குத்தும் நகையை, நகைக்கடையில் கொடுத்து மெருகேற்றப் போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பின்பக்கக் கண்ணாடிக்குள் பின்னலாகத் தெரிவது இறந்தவர் நினைவாக வைத்த தலைமுடி. கண்ணாடியைப் பிடித்திருப்பது மடித்து அழுத்திய உலோக விளிம்பு மட்டுமே. கழுவினால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போனால் முடியில் கறை படியும், பூஞ்சை வரும், ஒட்டிய பசையும் விட்டுவிடும். ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி அதைவிட மோசம், கறுப்பு எனாமல் பூச்சு சில்லுச்சில்லாகப் பெயரும். உலர்ந்த மென்மையான தூரிகை போதும்.

செத்தவர் முடியை வீட்டில் வைக்கலாமா என்று ஊரில் அம்மா கேட்பார். முடி வைத்த நகையெல்லாம் துக்க நகை அல்ல. உயிரோடு இருப்பவர்களும் அன்புக்காகக் கொடுத்துக்கொண்டார்கள். ஆனால் உங்களுடையதில் ‘இன் மெமரி ஆஃப்’ (இன்னாரின் நினைவாக) என்றே இருக்கிறது, அம்மாவிடம் மழுப்ப வழியில்லை.

பின்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயரும் இறந்த தேதியும் பொறித்திருந்தால் தேடுவது எளிது: இங்கிலாந்தில் அரசின் இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. 15 காரட் முத்திரை இருந்தால் நகை 1854க்கும் 1932க்கும் இடைப்பட்டது. அந்தத் தரம் அப்போதுதான் புழக்கத்தில் இருந்தது. முத்திரையே இல்லாத புரூச்சுகளும் ஏராளம்.

கூடவே வந்த கறுப்பு மாலைதான் சிக்கல். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்து விக்டோரியா அரசி கறுப்பு உடைக்கு மாறியபின், விட்பி ஊரின் ஜெட்டுக்கு (புதைந்து இறுகிய மரத்தால் ஆன கறுப்புக் கல்) ஏகக் கிராக்கி, போலிகளும் பெருகின. கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று கனமாக இருந்தால் கண்ணாடி. ஜெட் இலேசானது, சில்லிடாது. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான வல்கனைட்டும் அப்படித்தான், ஆனால் வெயில் பட்டுப் பழுப்பேறியிருக்கும், அச்சில் வார்த்த கோடு தெரியும், தேய்த்தால் கந்தக வாடை அடிக்கும். மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசிப் பழுப்புக் கோடு பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள், ஜெட், வல்கனைட் இரண்டுமே பழுப்புக் கோடுதான் விடும். காய்ச்சிய ஊசியால் குத்துவது நகையைக் கெடுக்கிற வேலை.

மாலை வல்கனைட்டாக இருந்தால் வெள்ளியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், கந்தகத்தால் வெள்ளி கறுக்கும். புரூச்சை அமிலமற்ற தாளில் தனியாகச் சுற்றி, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடிக்குள் பாருங்கள்; தூளோ துண்டான முடிநுனியோ தெரிந்தால் பூச்சி அரிக்கிறது, உடனே பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள்.

கொக்கி தளர்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். பழுதுபார்ப்பவரிடம் உள்ளே முடி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பற்றவைக்கும் சூட்டில் அது கருகிவிடும்.

அன்புடன்.