அறிக்கையில் இல்லாத முகக்கவசம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கத்தில் இதய நோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஓடும் பெல்ட்டின் மேல் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் சோதனையைப் பற்றிச் சொல்லும்போது, முகக்கவசம் அணிந்தபடியே செய்துகொள்ளலாம், பயப்பட வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பயப்பட வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எனக்கு இரண்டு மாத அலைச்சலும் பல நூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவும் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முகக்கவசத்துக்கு எதிரியல்ல. 2021இல் என் அக்காள் கணவரைக் கோவிட்டுக்குப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. 2022 செப்டம்பரில் கட்டடங்களுக்குள்ளும் கட்டாயமில்லை என்று அரசாங்கம் தளர்த்திய பிறகும், ஆறேழு மாதம் ஆயர் ஈத்தாம் சந்தைக்கு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் போனேன். மீன்காரர் கூடச் சிரித்தார். சிரிக்கட்டும்.

எனக்கு வயது 61. பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். கிருத்திகை தவறாமல் ஏறுகிறவள் நான். இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து இருநூறு படியைத் தாண்டியதும் நெஞ்சில் ஓர் இறுக்கம். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். வெயில், வயது, முந்திய இரவு சாப்பிட்ட புளிக்குழம்பு என்று காரணம் சொல்லிக்கொண்டே மூன்று கிருத்திகையைக் கடத்தினேன். மலேசியாவில் பல ஆண்டுகளாக அதிக உயிரைக் குடிக்கும் நோய்களில் ஒன்று இதய ரத்தக்குழாய் அடைப்பு. 2021இல் கோவிட் அதை முந்தியது. இதையெல்லாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னவள், என் நெஞ்சு என்று வந்ததும் புளிக்குழம்பின் மேல் பழியைப் போட்டேன். கடைசியில் மகள் திட்டித்தான் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன்.

அப்போது சளிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்ததால், உள்ளே வரும் எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். நியாயமான விதி. நான் வீட்டிலிருந்தே, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 கவசத்தைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்ததில் அது உள்ளே ஈரமாகிவிட்டது. அப்படியே மார்பில் பத்து இடங்களில், இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் இசிஜி வில்லைகளை ஒட்டி, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, பெல்ட்டில் ஏற்றிவிட்டார்கள்.

இந்தச் சோதனையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் பின்பற்றுவது அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், பெல்ட்டின் ஏற்றம் 10 விழுக்காடு. அடுத்தது 4 கிலோமீட்டர், 12 விழுக்காடு. மூன்றாவதில் 5.5 கிலோமீட்டர், 14 விழுக்காடு. அந்தக் கட்டத்தில் வேகமாக நடக்க வேண்டியிருக்கும். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டையாவது இதயத் துடிப்பு தொட வேண்டும். எனக்கு அது 135. அந்த அளவுக்கு இதயத்தை வேலை வாங்கினால்தான், ரத்தம் போதாத இடம் இசிஜியில் தலைகாட்டும். பாதியில் இறங்கிவிட்டவரின் இசிஜி ஒழுங்காக இருந்தால், அதை வைத்து அடைப்பு இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

நான் பாதியில்தான் இறங்கினேன். இரண்டாம் கட்டத்திலேயே ஈரமான கவசம் ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கோடு வந்து ஒட்டியது. முகமெல்லாம் கொதித்தது. பொறுப்பிலிருந்த மலாய்க்காரத் தம்பி நல்லவர், "மக்சிக், போலே லாகி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் முடியுமா என்கிறார். இயந்திரச் சத்தத்தில் நான் முனகியது அவருக்குக் கேட்கவில்லை, கையைத்தான் ஆட்டினேன். என் உதடு வெளுத்ததா, வலியில் முகம் சுளித்ததா என்று அவர் பார்த்திருக்க வழியே இல்லை. கண் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. 5 நிமிடம் 20 விநாடியில் போதும் என்று கம்பியைப் பிடித்துவிட்டேன். துடிப்பு 118. நெஞ்சு இறுகவில்லை. மூச்சுதான் முட்டியது.

ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. உடல்திறன் வயதுக்குக் குறைவு, இலக்குத் துடிப்பை எட்டவில்லை, முடிவு கூற இயலாது என்று இருந்தது. சோதனையை நிறுத்திய காரணம் என்ற இடத்தில் 'மூச்சுத் திணறல்' என்று ஒரே சொல். மூச்சுத் திணறல் இதய நோய்க்கும் அறிகுறி, ஆசிரியர் அவர்களே! அதைப் படிக்கும் வேறொரு மருத்துவர் என்ன நினைப்பார்? முகக்கவசம் போட்டிருந்தேன் என்பது அந்த இரண்டு பக்கத்தில் எங்குமே இல்லை. அடுத்ததாக இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

மகள் கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்ட். அவளிடம் புலம்பியபோது, இது கோவிட் காலத்திலேயே ஆராய்ந்து பார்த்த விஷயம்தான் என்றாள். 2020இல் கனடாவின் சஸ்காட்செவனில் ஆரோக்கியமான 14 பேரை, மருத்துவர்கள் அணியும் சாதாரண மூன்றடுக்கு முகக்கவசத்தோடும், துணிக் கவசத்தோடும், எதுவும் இல்லாமலும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். களைத்து விழும்வரை மிதித்த நேரத்திலும், ரத்தத்தின் ஆக்சிஜனிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதே ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக்கில் 12 ஆண்களிடம் செய்த ஆய்வில், மூன்றடுக்குக் கவசமே உச்சத்திறனைக் குறைத்தது. என்95 போன்ற கவசம் அதைவிட அதிகமாகக் குறைத்தது. கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய கதைகளை நான் நம்பவில்லை. நம்பினால் எட்டு மணி நேரம் கவசத்தோடு நின்ற தாதியர் எல்லாம் எப்போதோ சுருண்டிருப்பார்கள். ஆனால் மூச்சை இழுக்க அதிகப்படி முயற்சி வேண்டும், ஈரமானால் இன்னும் வேண்டும் என்பது உண்மை. கடும் உடற்பயிற்சியின்போது கவசம் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2020இலேயே சொல்லிவிட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 14 பேரும் 12 பேரும் நோயில்லாதவர்கள். இதய மருத்துவரின் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்.

நான் ஸ்கேனுக்குப் போகவில்லை. வேறொரு மருத்துவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் அறிக்கையைப் பார்க்கும் முன்னால், அன்று என்ன கவசம் போட்டிருந்தீர்கள் என்றுதான் கேட்டார். காய்ச்சல், இருமல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, "நாங்கள் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் கழற்றிவிடுங்கள்" என்றார். இந்த முறை 8 நிமிடம் 10 விநாடி. துடிப்பு 141. இசிஜி ஒழுங்காக இருந்தது. இப்போதைக்கு வயிற்று அமிலத்துக்கு மாத்திரை தந்திருக்கிறார், மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஆக, புளிக்குழம்பு முழுக்க நிரபராதி அல்ல.

மூன்று நிமிட வித்தியாசம் அத்தனையும் முகக்கவசத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை பயந்திருந்தேன். இரண்டாம் தடவை பெல்ட் எனக்குப் பழகியிருந்தது. நான் கேட்பது பெரிய சீர்திருத்தமும் அல்ல. அறிக்கைப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: முகக்கவசம் அணிந்திருந்தாரா, என்ன வகை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டாரா என்று எழுதுகிறார்கள் அல்லவா, அதன் பக்கத்திலேயே இதற்கும் இடம் இருக்கிறது. சென்ற ஆண்டு கவசமில்லாமல் ஒன்பது நிமிடம் நடந்தவர் இந்த ஆண்டு கவசத்தோடு ஏழு நிமிடத்தில் இறங்கினால், இதயம் தளர்ந்துவிட்டதென்று மருத்துவர் தவறாகக் கணக்குப் போடாமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

சோதனைக்குப் போகப்போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கவசத்தைக் கழற்றலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கூடாது என்றால் என்95ஐ விட்டு, காய்ந்த மூன்றடுக்குக் கவசம் ஒன்றை ஏறுவதற்குச் சற்று முன் மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது மூச்சு முட்டியதா, நெஞ்சு இறுகியதா, கால் வலித்ததா என்று பிரித்துச் சொல்லி, எழுத வையுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

இந்த மாதக் கடைசியில் என் கணவருக்கும் இதே சோதனை. அவருடைய சந்திப்பு அட்டையின் பின்புறத்தில் 'முகக்கவசம்: ஆம் / இல்லை' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அவர் கவசம் போட்டாலும் போடாவிட்டாலும் முதல் கட்டத்திலேயே இறங்கி டீ எங்கே என்று கேட்பார், அது வேறு விஷயம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.