கடைமடைக் கொக்குகள்

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குத்தான் முட்டிவலி, மாத்திரை போடச் சொன்னால் கேட்பதில்லை.

பிராணிகள் இரை தேடுவதைப் பற்றி எரிக் சார்னோவ் என்ற ஆய்வாளர் 1976இல் எழுதிய கணக்கைப் போனில் சொன்னாயே, அதுவே மனதில் ஓடுகிறது. இரை முழுக்கத் தீரும்வரை எந்தப் பிராணியும் ஓரிடத்தில் இருக்காது. வரவு குறைந்து, சுற்றுவட்டாரத்தின் சராசரிக்கு இறங்கியதும் கிளம்பிவிடும். அடுத்த இடம் தூரமென்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கும். இத்தனை காலம் உயிரியல் நடத்தியும் இதை நான் பாடத்தில் படித்ததில்லை. ஆனால் வயலில் பார்த்திருக்கிறேன். இரும்புச் சக்கரம் (கேஜ்வீல்) மாட்டிய டிராக்டர் சேறடிக்க இறங்கினால் கொக்குகள் பின்னாலேயே வரும். வண்டி அடுத்த வயலுக்குப் போனதும் அவையும் போய்விடும். பூச்சியும் தவளையும் பழைய வயலில் இன்னும் கிடக்கும், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்குத் திறக்கவில்லை, ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். நம் கடைமடைக்குத் தண்ணீர் எட்ட அதற்கு மேலும் நாளானது. வாய்க்கால் குட்டைகள் வற்றும்போது மீனெல்லாம் ஒரே பள்ளத்தில் நெருங்கும். முதலில் நாரைகளுக்கு விருந்து. அப்புறம் வெறும் சேறு, அதிலும் மடையான் கொக்கு நாள் முழுக்க நின்றது. "போக்கத்தது" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பறந்து போக அடுத்த ஈரம் பக்கத்தில் எங்கே இருந்தது?

எலிக்குப் பசியோடு பயமும் கணக்கில் சேரும். வரப்போரத்தை விட்டுவிட்டு நடுவயலில் வெட்டும், நிலா வெளிச்சத்தில் அதிகம் வெளியே வராது. ஆந்தை உட்காரக் குச்சி நட்டால், பிடிபட்ட எலியை மட்டும் எண்ணக் கூடாது. மற்ற எலிகள் பயந்து தின்னாமல் விட்ட நெல்லும் லாபம்தான்.

ஜங்கோ என்ற அமெரிக்கச் சிறுகுருவியை வைத்துச் செய்த சோதனையைச் சொன்னாயே, அதைத்தான் அப்பாவிடம் விளக்கினேன். ஒரு தட்டில் எப்போதும் ஒரே அளவு விதை, இன்னொன்றில் ஒருசமயம் இரட்டிப்பு, ஒருசமயம் ஒன்றுமில்லை. 19 டிகிரியில் குருவி நிச்சயத் தட்டுக்குப் போகிறது. 1 டிகிரிக் குளிரில் அந்த நிச்சய அளவு உடம்புச் செலவுக்குப் போதாது, அதனால் சூதாடுகிறது.

இதைக் கேட்டதும் எனக்குச் சம்பாவுக்கு முந்தின குறுவைப் போகம் ஞாபகம் வந்தது. தண்ணீர் நிச்சயமில்லாத வருஷத்தில் துணிந்து விதைப்பது யார்? போர்வெல் வைத்திருப்பவர்களை விடு. மற்றவர்களில் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள், கடன் உள்ளவர்கள். சம்பா ஒன்றை மட்டும் நம்பினால் அவர்களுக்கு வட்டிகூட அடையாது. "ஆசைப்பட்டுக் கெடுகிறார்கள்" என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டால் கோபம் வருகிறது. அப்படியொரு வருஷத்தில் அப்பா சம்பாவுக்குக் காத்திருந்தார். அதை அவர் நிதானம் என்கிறார், நான் என் பென்ஷன் என்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். சுற்றுவட்டாரச் சராசரி கொக்குக்கு எப்படித் தெரியும்? 2023இல் ஜூன் 12க்கே திறந்தும் குறுவை பாதியில் கருகியது. அடுத்த வருஷம் திறப்பே தள்ளிப்போனது. இப்படி மாறிக்கொண்டே இருந்தால், பழைய அனுபவத்தை எப்போது கைவிட வேண்டும் என்று பறவை எதை வைத்து முடிவு செய்கிறது? யாராவது ஆராய்ந்திருந்தால் அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், எழுத்து பொடியாக இருக்கிறது. பெரிதாக அச்செடுத்துத் தபாலில் போடு.

அன்புடன்,
அம்மா