கேரட் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் கேரட் அறுவடை எடுக்கும் வியாபாரிகளுக்கும், கேரட் கழுவும் இயந்திரம் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகள் உங்களைப் போன்றவர்களிடம் கேரட் பிடுங்கியவள் நான். முழங்கால் தேய்ந்த பிறகு தையல் இயந்திரத்துக்கு மாறிவிட்டேன். என் தங்கை இன்னும் பிடுங்கப் போகிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம் மண்டியில் காலையிலேயே சரக்கு இறங்க வேண்டும். ஆகவே ஊர் உறங்கும் நேரத்தில் பிக்கப் வண்டி வந்து ஆட்களை ஏற்றுகிறது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். கேத்தியிலும் முத்தொரை பாலாடாவிலும் கேரட் விளைவது அந்தப் பள்ளங்களில்தான். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் நாட்களில் புல் வெள்ளையாகிவிடுகிறது. சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் அதே வெள்ளைக்குள் கைவிட்டுக் கேரட் தழையைப் பிடிக்கிறோம்.

“ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோமே” என்பீர்கள். போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லா. இதற்கெல்லாம் குறைவில்லை. குறை ஈரத்தில் இருக்கிறது. காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிக வேகத்தில் தண்ணீர் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். பருத்தித் துணி நனைந்தால் அதில் கதகதப்பு என்று எதுவும் மிஞ்சாது. நல்ல ஆட்டுக் கம்பளி நனைந்தாலும் ஓரளவு தாங்கும். ஆனால் சாலையோரக் கடையில் கம்பளி என்று நாங்கள் வாங்கும் கையுறை பெரும்பாலும் அக்ரிலிக் நூல். பத்துக் கொத்துத் தழையைப் பிடித்ததுமே அது ஊறிப் பஞ்சாகிவிடும். பிறகு கையுறை போட்டிருப்பதைவிட வெறுங்கை மேல் என்று கழற்றி இடுப்பில் செருகிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி விடியலில் என் தங்கை தழை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி ஆட்காட்டி விரலில் இறங்கியிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. கேரட்டின் நிறத்தில் ரத்தமும் உடனே கண்ணில் படவில்லை. சாக்கு ஓரம் சிவந்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். “வலிக்கவில்லையா?” என்று கேட்டதற்கு, “விரல் இருப்பதே தெரியவில்லை” என்றாள். அன்றைக்கு மருந்துச் செலவு அவளுடையது. அரை நாள் கூலியும் போயிற்று.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த என் பாட்டி, மழைக்கும் குளிருக்கும் கொங்காணி போட்டுக்கொள்வதைப் பற்றிச் சொல்வார். சாக்கையோ கம்பளியையோ கூம்பாக மடித்துத் தலையோடு முதுகில் விடுவது. இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணி. இங்கே இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், அதன் 17ஆவது பிரிவில், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி தர வேண்டும் என மாநில அரசு விதி செய்யலாம் என்று எழுதிவைத்தது. அது தேயிலை, காப்பி போன்ற பெருந்தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதியது. வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறிப்பவருக்கு நினைத்துப் பார்த்த கம்பளியை, இந்தப் பக்கம் கேரட் பிடுங்குபவருக்கு யாரும் நினைக்கவில்லை.

நான் கேட்பது பெரிய பட்டியல் அல்ல. உள்ளே மெல்லிய நூல் கையுறை, மேலே தண்ணீர் புகாத ரப்பர் கையுறை. நூல் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நனைந்தால் மாற்ற. கம்பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். இடுப்பிலிருந்து கீழே மழைக்கால்சட்டை. பெண்கள் சேலைக்கு மேல் அதைப் போட மாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கொடுத்துப் பாருங்கள்.

கழுவும் இடத்தில் நிற்கும் தம்பிகளுக்கு வேறு ஆபத்து. சுழலும் உருளைக்கு அருகே மப்ளரைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். அதற்குப் பதில் காதோடு கழுத்தையும் மூடும் குல்லா கொடுங்கள். மரத்த கையை நெருப்பில் காட்டவும் விடாதீர்கள்; சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். குளிருக்கு நல்லது என்று சிலர் குவார்ட்டர் வாங்கித் தருகிறீர்களே, அந்தக் காசைக் கையுறைக்குத் திருப்பலாம். மது தோலடி ரத்தக் குழாய்களை விரித்து உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே அனுப்புகிறது. குடித்தவருக்குக் கதகதப்பாகத் தோன்றும், உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

திரும்பும் பயணத்தையும் கவனியுங்கள். வியர்வையும் ஈரமுமாகத் திறந்த வண்டியில் காற்றடிக்க வருகிறோம். சரக்குக்குத் தார்ப்பாய் உண்டு. எங்களுக்கும் ஒன்று கட்டுங்கள்.

இவற்றின் விலையைக் கூலியில் பிடிக்காதீர்கள். சாக்கும் டீசலும் எந்தக் கணக்கில் போகின்றனவோ அந்தக் கணக்கில் போடுங்கள். வாங்கும்போது ஒரே அளவில் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஆண்களின் பூட்ஸுக்குள் பெண்களின் கால் வழுக்கும். எங்கள் தெருவிலிருந்து வேலைக்கு வரும் இருபத்து மூன்று பேரின் கை அளவும் கால் அளவும் எடுத்து ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். பதினேழு பேர் பெண்கள். நோட்டு என் தையல் கடை மேஜையில் இருக்கிறது. யாராவது ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.