உங்கள் கோப்பில் இல்லாத வயிறுகள்

மருந்துகளுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் ஒப்புதல் வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

பல ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த செய்முறை ஒன்று உண்டு. கூகை என்னும் ஆந்தை வந்து உட்காரும் இடத்துக்குக் கீழே, கட்டைவிரல் பருமனில் கருத்த உருண்டைகள் கிடக்கும். பார்த்தால் எச்சம் போலிருக்கும். உண்மையில் அது வாந்தி. கூகை எலியை முழுசாக விழுங்கிவிடும். சதை கரைந்து குடலுக்குப் போகும். கரையாத முடியும் எலும்பும் அரைவைப்பையில் அமுங்கித் திரண்டு, சில மணி நேரம் கழித்து வாய்வழியே வெளியே வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஊசியால் மெதுவாகப் பிரித்தால், மயிர்ச் சிக்கலுக்குள்ளிருந்து சிறிய மண்டையோடு ஒன்று எட்டிப் பார்க்கும். முன்பற்களின் ஆரஞ்சு நிறம்கூட மாறியிருக்காது.

அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "எலி மருந்து தின்ன எலியைக் கூகை தின்னா, அந்த மருந்தும் இந்த உருண்டையில வந்துடுமா சார்?"

வராது. முடியையும் எலும்பையும் பிரித்துத் துப்பத் தெரிந்த வயிற்றுக்கு மருந்தைப் பிரிக்கத் தெரியாது. புரோடிஃபாகோம் போன்ற எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும், அந்த நாட்களிலும் விஷத்தைத் தின்றுகொண்டே இருக்கும். தள்ளாடும் எலிதான் கூகைக்குச் சுலபமான இரை. மருந்து கூகையின் கல்லீரலில் போய் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அடுத்த எலி, அதற்கடுத்த எலி என்று மேலே மேலே சேரும்.

அந்தக் கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம்.

காட்டு விலங்குகளின் வயிறு விஷத்துக்குப் புதியதில்லை. ஆஸ்திரேலியாவின் மரவாழ் விலங்கான கோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். யூகலிப்டஸ் இலை சத்துக் குறைந்தது, நார் மிகுந்தது, போதாததற்கு விஷம். பெரும்பாலான விலங்குகள் அதன் பக்கமே போகாது. கோலாவுக்கோ அதுதான் சாப்பாடு. பெருங்குடலின் தொடக்கத்தில் சுமார் 2 மீட்டர் நீளப் பை ஒன்று இருக்கிறது. அதற்குள் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைக்கின்றன. விஷத்தை முறிப்பது கல்லீரலின் வேலை. 2018இல் கோலாவின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, விஷமுறிப்பு நொதிகளுக்கான ஒரு மரபணுக் குடும்பம் பெருகிப் பல்கிக் கிடந்தது தெரியவந்தது. குட்டிக்கு இந்தக் குடல் பிறப்பிலேயே வாய்ப்பதில்லை. பால் மட்டும் குடித்துக்கொண்டிருக்கும் குட்டி, இலைக்கு மாறும் முன் தாயின் குடலிலிருந்து வரும் கூழ் போன்ற கழிவைத் தின்கிறது. அருவருப்பாக இருக்கிறதா? அதுதான் அதன் முதல் நுண்ணுயிர்ச் சீதனம்.

நுண்ணுயிரிகளின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கப் பாலைவனத்தில் கிரியோசோட் என்னும் நச்சுப் புதரைத் தின்று வாழும் எலிகள் உண்டு. அவற்றின் குடல் நுண்ணுயிரிகளை, அந்தப் புதரைத் தின்று பழகாத எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவையும் அதைத் தின்று சமாளித்தன. மடகாஸ்கரில் மூங்கில் குருத்து தின்னும் பொன்னிற லெமூர் (குரங்கைப் போன்ற விலங்கு) ஒன்று இருக்கிறது. அதன் எடையுள்ள வேறு பாலூட்டியைக் கொல்லும் அளவைப்போல் சுமார் 12 மடங்கு சயனைடு தினமும் அதன் வயிற்றுக்குள் போகிறது. எப்படிச் சமாளிக்கிறதோ, மறுநாளும் குருத்தைத் தேடிப் போகிறது.

இதற்கு நேர்மாறு பூனைக் குடும்பம். இறைச்சியே தின்று வந்ததால் செடிகளின் விஷத்தை முறிக்கும் முக்கியமான நொதி ஒன்று அவற்றில் செயலிழந்துவிட்டது. நாம் காய்ச்சலுக்குப் போடும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

நான் சொல்ல வருவது இதுதான். எந்த வயிறும் தான் தலைமுறை தலைமுறையாகத் தின்று வந்ததற்குத்தான் பதில் வைத்திருக்கிறது. நேற்று வந்த வேதிப்பொருளுக்கு அதனிடம் பதில் இருந்தால் அது அதிர்ஷ்டம், அவ்வளவே. உங்கள் சோதனைப் பட்டியலில் எலி, காடை, வாத்து, தேனீ, மீன் என்று சில இருக்கின்றன. குறை சொல்லவில்லை, எங்கேயாவது தொடங்கத்தான் வேண்டும். ஆனால் அங்கேயே முடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தெற்காசியா ஏற்கெனவே பார்த்துவிட்டது.

பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அமிலக் காரக் குறியீடு (pH) 1ஐ ஒட்டி இருக்கும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயால் செத்த மாட்டைத் தின்றும் அவை பிழைக்கும். அப்படிப்பட்ட பறவை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணியில் மாண்டது. அது போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் நின்றுவிடும். பறவைகளின் கழிவு யூரிக் அமிலமாக வெளியேறுவது. எச்சத்தில் நாம் பார்க்கும் வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் நின்றதும் அது உள்ளேயே படியத் தொடங்குகிறது. இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தவர்கள் இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைப் படலத்தைக் கண்டார்கள். காரணம் 2004இல் உறுதியானது, இந்தியாவில் 2006இல் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் 100க்கு 99க்கு மேல் போய்விட்டன.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கண்டத்தின் வான்கோழிப் பாறு இதே மருந்தை, நம் பாறுகளைக் கொல்லும் அளவைப்போல் 100 மடங்குக்கு மேல் கொடுத்தும் தாங்கியது. இரண்டும் பிணந்தின்னிகள், இரண்டுக்கும் மொட்டைத் தலை. அந்தப் பறவையை மட்டும் சோதித்திருந்தால் மருந்துக்கு நற்சான்று கிடைத்திருக்கும்!

மாட்டுக்கு ஊசி போட்டால் எத்தனை நாள் கழித்துப் பால் கறந்து குடிக்கலாம், எத்தனை நாள் கழித்து இறைச்சியைத் தின்னலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. எல்லாம் மனிதருக்கு. அந்த மாடு வெட்டவெளியில் செத்து விழுந்தால் யார் தின்பார் என்று கோப்பில் எந்த இடத்திலும் கேள்வி இல்லை. தடைக்குப் பிறகும் இதே கதைதான். அசிக்ளோஃபெனாக் என்னும் இன்னொரு வலிநிவாரணி மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். ஆனாலும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்ய 2023 வரை ஆனது. பெயர் வேறு, ஆகவே கோப்பும் வேறு.

"விலங்குகள் காலப்போக்கில் பழகிக்கொள்ளும்" என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். சில பழகியிருக்கின்றன. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் தொழிற்சாலைக் கழிவு தேங்கிய கழிமுகங்களில், விரல் நீள மீன் ஒன்று மற்ற மீன்களைக் கொல்லும் நச்சில் நன்றாகவே வாழ்கிறது. அந்த மீன் கூட்டம் கூட்டமாக இருக்கிறது, தலைமுறைகளும் சீக்கிரம் மாறுகின்றன. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. பழகுவதற்குள் பழக ஆள் இருக்காது.

சில சமயம் உறுப்பின் திறமையே எமனாகிவிடுகிறது. வாத்துகளுக்குப் பல் இல்லை. பொடிக்கற்களை விழுங்கி, அரைவைப்பையில் அவற்றைக் கொண்டு தானியத்தை அரைக்கின்றன. சேற்றில் கிடக்கும் ஈயத் துப்பாக்கிக் குண்டும் அவற்றுக்குப் பொடிக்கல்தான். பை எவ்வளவு நன்றாக அரைக்கிறதோ, ஈயம் அவ்வளவு வேகமாக இரத்தத்தில் கலக்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? எல்லா விலங்கையும் பிடித்து வந்து சோதிக்கச் சொல்லவில்லை. அது நடக்காது, கொடுமையும்கூட. பாறுகளுக்கு மெலோக்சிகம் என்னும் வலிநிவாரணியால் ஆபத்தில்லை என்று சோதித்துப் பார்த்த பிறகே அதை டைக்ளோஃபெனாக்குக்கு மாற்றாகப் பரிந்துரைத்தார்கள். அந்த வரிசை சரி. அதையே எல்லா மருந்துக்கும் முன்கூட்டிச் செய்யலாம். ஒரு வேதிப்பொருள் உடலுக்குள் வேறொன்றாக மாறுமானால், மாறிய பொருளின் பழைய கோப்பையும் சேர்த்துத் திறக்கலாம். கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குவதை, ஒரே வேளை கொடுத்துப் பார்த்து அளப்பதை நிறுத்தலாம்.

அப்புறம் விண்ணப்பப் படிவம். அளவு, பக்கவிளைவு, காத்திருப்பு நாட்கள் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருக்கிறது. காத்திருப்பு நாட்களுக்குக் கீழே இன்னொரு கட்டம் சேருங்கள்: "மருந்து ஏறிய உடலை அடுத்துத் தின்பவர் யார்?" அது நிரப்பப்படாமல் வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்